சின்னம்மாவின் ஓட்டு

என் சின்னம்மா இறந்துபோன பிறகு இரண்டு முறை ஓட்டுப் போட்டாள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு முறைகூடப் போட்டதில்லை.

இதைக் கேட்டு அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை எங்கள் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட ஆள் வர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. அட்டை வந்தால் போதும். வீட்டுக்கு வீடு போய்க் கட்சிக்காரர்கள் ஓட்டு அட்டைகளை வாங்கிக்கொள்வார்கள். ஒரு கட்டு அட்டையை ஒருவரே கொண்டுபோய் ஒரு தெருவின் கடமையை முடித்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடுவார். எதிர்க்கட்சி ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிற சாவடிக்கு மட்டும் யாரையாவது முக்காடு போட்டு அனுப்புவார்கள். இப்படி ஒரே கட்சி எங்கள் பக்கத்தை எத்தனையோ வருஷமாகக் கட்டி ஆண்டுகொண்டிருந்தது. அதன் சின்னம் குடை. வேறு யாராவது ஜெயிக்க முடியும் என்று நினைப்பது, கடல் ஒருநாள் மேற்கே போய்விடும் என்று நினைப்பதுபோல.

அப்பா குடைக் கட்சிக்காரர். கடற்கரையில் இருந்த நகரமன்றத்தை நாங்கள் மேரி என்போம். அங்கே பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பெரிய புத்தகங்களில் எழுதும் வேலை அவருக்கு. முத்து முத்தான கையெழுத்து. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் வட்டாரத்துக் கட்சித் தலைவர். அவரை எல்லோரும் முசியே என்று பிரெஞ்சு மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு டைபாய்டு கண்டபோது தன் வண்டியில் டாக்டரை ஏற்றி அனுப்பியவர் அவர். எங்கள் தெருவில் முசியேவிடம் ஏதாவது ஒரு உதவி வாங்காத வீடு கிடையாது. அதனாலேயே அட்டை கேட்டால் மறுக்கிற வீடும் கிடையாது.

சின்னம்மா அம்மாவுக்கு நேர் இளையவள். பிரசவத்தில் போய்விட்டாள். எனக்கு அப்போது இரண்டு வயது, முகம் நினைவில்லை. அந்தச் சாவை மேரியின் புத்தகத்தில் எழுதியது அப்பா. அவளுடைய ஓட்டு அட்டையைக் கேட்டு வந்த கட்சிக்காரர் கையில் கொடுத்ததும் அப்பாதான். இரண்டு காரியத்தையும் ஒரே கை செய்ததில் அவர் ஒரு முரணையும் காணவில்லை. செத்தவர்களின் அட்டையை எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மாமா அம்மாவின் அண்ணன். முதலியார்பேட்டையில் மில் வேலை. படகுச் சின்னத்து எதிர்க்கட்சிக்காக ஓட்டுச்சாவடி வாசலில் நின்றிருந்தபோது, உள்ளே தன் தங்கையின் பெயரைக் கூப்பிடுவதும், முக்காடு போட்ட யாரோ ஒருத்தி "நாந்தாங்க" என்று போவதும் அவர் கண்ணிலும் காதிலும் பட்டிருக்கிறது. கத்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார். குடைக்காரர்கள் அடித்ததில் புருவம் கிழிந்தது. அட்டை எங்கள் வீட்டிலிருந்து போனது என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. சந்தையில் அம்மாவைப் பார்த்தால் என்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

எனக்கு இந்தச் சண்டையெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். நான் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. சின்னம்மா எங்கோ இருக்கிறாள். தேர்தலுக்குத் தேர்தல் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் போய்விடுகிறாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் தேர்தல் வந்தது. எனக்கு எட்டு வயது. புது அதிகாரிகள் புது விதி கொண்டுவந்தார்கள். அவரவர் ஓட்டை அவரவரே வந்து போட வேண்டும், விரலில் மை வைப்பார்கள், பட்டியலில் இருக்கும் பெயர்களை இறப்புப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்துப் பட்டியல் அப்பா கைக்கு வந்தது. மேரியில் நேரம் போதாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

காலையிலேயே முசியே வந்துவிட்டார். அப்பா பிரம்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முசியே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தபடி பேசினார்.

"எல்லாப் பேரையும் அடிச்சிடாதப்பா. பழய ஆளுங்க. நம்ம கட்சிக்குன்னே பழகிப்போனவங்க."

"பாக்கறேன் முசியே."

"அடிச்சிட்டன்னா, இந்தத் தபா கஷ்டந்தான். வயசு காலத்துல என்னத் தோக்க வச்சிடாத."

"பாக்கறேன் முசியே," என்றார் அப்பா மறுபடியும்.

முசியே என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, அவர் குடித்த தம்ளரை எடுத்தாள். எடுத்தவள் போகாமல் நின்றாள்.

"ஏங்க. அவளயாச்சும் வுட்டுடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா நிமிரவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க அப்பா சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு பெயரைப் பார்ப்பார், இறப்புகளைக் குறித்து வந்திருந்த நோட்டைப் புரட்டுவார், கோடு போடுவார். சில பெயர்களுக்கு உடனே கோடு விழும். சில பெயர்களில் பென்சில் கொஞ்ச நேரம் நிற்கும். சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது நான் மேசைக்குப் போனேன். நான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தேடித் தேடிச் சின்னம்மாவின் பெயரைக் கண்டுபிடித்தேன். அதன்மேல் சிவப்புக் கோடு.

அம்மா விடச் சொன்னாளே! அப்பா விடவில்லையே! எனக்கு அழுகையாக வந்தது. இனி சின்னம்மா வர மாட்டாள். இந்தத் தடவை அம்மா ஓட்டுப் போடப் போகும்போது கூடவே போய், சின்னம்மா வந்தால் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தப்பாகப் போட்ட படத்தை ரொட்டித் துண்டால் அழிப்போம். காலையில் வாங்கிய ரொட்டியின் உள்சதையைப் பிய்த்து உருட்டி, அந்தக் கோட்டைத் தேய்த்தேன். கோடு போகவில்லை. இளஞ்சிவப்பாகப் பரவி, சின்னம்மாவின் பெயர் வெட்கப்பட்ட கன்னம்போல ஆகிவிட்டது. ஆனாலும் எழுத்து தெரிந்தது. அது போதும் என்று வந்துவிட்டேன்.

அப்பா கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மேசைமேல் ரொட்டித் தூள் கிடந்தது.

"பாப்பா, இங்க வா. யாரு அழிச்சது?"

"அம்மாதான வுடச் சொன்னாங்க! நீ ஏன் வுடல?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா என்னைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் கழுத்தில் விழுந்தது.

"அம்மா அவள இதுலேந்து வுட்டுடச் சொல்லுது பாப்பா. போவட்டும்னு சொல்லுது. உங்க சின்னம்மா செத்துப்போய்ட்டா. பெரிய புத்தகத்துல நாந்தான் எழுதினேன். எழுதிட்டு வந்து, நானே அவள ரெண்டு தபா கூப்ட்டனுப்பிட்டேன். தப்பு."

பேனாவை எடுத்து மைக்கூட்டில் தோய்த்து, அந்த இளஞ்சிவப்பின் குறுக்கே ஒரு கோடு போட்டார். இந்தக் கோட்டை ரொட்டியால் அழிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்பா சொன்னதில் என் மனதில் தங்கியது ஒரு சொல்தான். கூப்பிட்டு அனுப்பினால் சின்னம்மா வருவாள்.

தேர்தலன்று ஆடி வெயில் கொளுத்தியது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் ஓட்டுச்சாவடி. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் பெயரில் எத்தனையோ ஓட்டு விழுந்திருக்கிறது. அவள் கையால் போடப்போவது இதுதான் முதல். பெண்கள் வரிசையில் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல ஒருவர் புடவையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தெருக்கோடியில் ஒரு பூவரச மரத்தடியில், முசியேவோடும் குடைக்காரர்களோடும் நின்றிருந்தார்.

உள்ளே ஒரு நீள மேசை. பட்டியலோடு ஓர் அதிகாரி. சுவரோரம் இரண்டு கட்சி ஆட்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குடைப் பக்கம் யாரோ. படகுப் பக்கம் மாமா! நான் "மாமா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையை நெரித்தாள். மாமா மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அம்மாவின் பெயரை வாசித்தார்கள். விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அம்மா மறைப்புக்குப் பின்னால் போனாள். அங்கே ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி. அம்மா எந்தப் பெட்டியில் போட்டாள் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் மேசையருகில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து வந்தவள் முக்காடு போட்டிருந்தாள். ஒரு பழைய அட்டையை நீட்டினாள். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்துப் பெயரை உரக்க வாசித்தார்.

என் சின்னம்மாவின் பெயர்.

"சின்னம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடி, நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பியதில் முக்காடு விலகியது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கன்னம் ஒட்டிப்போய், முன்பல் இரண்டு இல்லாமல், வெயிலில் கருத்த முகம். அவளிடமிருந்து கருவாட்டு வாசனை வந்தது. பயந்துபோன கண்களால் என்னைப் பார்த்தாள். சின்னம்மா அம்மாவைப்போல் இருப்பாள் என்றுதான் எல்லோரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கையை எடுத்தேன். ஆனாலும் ஒருவேளை இவள்தானோ, தூரத்தில் இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாளோ என்று ஒரு கணம் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

பெஞ்சிலிருந்து மாமா எழுந்துவிட்டார். கை முஷ்டி மடங்கியிருந்தது.

"இந்தப் பேரு பட்டியல்ல இல்லம்மா," என்றார் அதிகாரி. "எறந்துட்டதா அடிச்சிருக்கு."

அதற்குள் அம்மா மறைப்பிலிருந்து வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"நல்லாப் பாருங்க ஐயா. அடிச்சிதான் இருக்கா?" என்று கேட்டாள்.

அதிகாரி பட்டியலை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியாது. ஆனால் இளஞ்சிவப்பாகத் தீற்றியிருந்த இடமும், அதன் குறுக்கே ஓடிய மைக்கோடும் தெரிந்தன. ரொட்டித் தூள் விவகாரம் அவளுக்கும் தெரியும். ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள். பிறகு அந்தக் கிழவியைப் பார்த்தாள். கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. இத எடுத்துக்கினு போ, இந்தப் பேரச் சொல்லுன்னாங்க. வந்தேன்."

"பரவால்ல. அது என் தங்கச்சிது. குடுத்துடு," என்றாள் அம்மா.

அட்டையை வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கிழவியின் நழுவிய முக்காட்டை எடுத்துத் தலைமேல் சரியாகப் போட்டுவிட்டு, "வெயில்ல பாத்துப் போ," என்று அனுப்பினாள். மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

"அவுருதாண்ணே அடிச்சாரு," என்றாள். "அவுரே."

மாமா உட்கார்ந்துவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன்.

நாங்கள் மரத்தடிக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. இன்னும் பல அட்டைகள் அன்று காலையிலேயே திரும்பி வந்திருந்தன. குடைக்காரர்கள் அப்பாவை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். முசியே மட்டும் அவர் எதிரில் நின்றார்.

"எத்தினி பேர அடிச்ச?"

"செத்தவங்க எல்லாரையும் முசியே."

"நான் செத்தா என்னையும் அடிச்சிடுவியா?"

அப்பா தலை குனிந்தபடியே சொன்னார். "அடிச்சிட்டு அழுவேன் முசியே."

முசியே தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார். அப்பா அவர் பின்னால் இரண்டடி வைத்து, நின்றுவிட்டார். பிறகு போய் வரிசையில் நின்று தன் ஓட்டைப் போட்டார். குடைக்குத்தான் போட்டார். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

குடை தோற்றது. எங்கள் வட்டாரத்தில் மட்டும் இல்லை. அந்தக் கட்சி ஆண்ட காலமே அந்தத் தேர்தலோடு முடிந்தது. எங்கள் வட்டாரத்தில் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம் என்றும், பழைய ஆட்கள் வந்திருந்தால் ஜெயித்திருக்கலாம் என்றும் குடைக்காரர்கள் தெருவில் நின்று, எங்கள் வீட்டுக்குக் கேட்கும்படி பேசினார்கள். அப்பாவின் சிநேகிதர்கள் யாரும் வரவில்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்து, ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துவிட்டார். கட்சி தோற்ற துக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. முசியேவை நினைத்து, "வயசான மனுஷன்," என்று இரண்டு முறை சொன்னார்.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் படகுக்காரர்களின் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வருகிறது என்றார்கள். அம்மா அவசர அவசரமாகச் சன்னல்களைச் சாத்தினாள். ஜெயித்தவர்கள் தோற்றவர் வீட்டு வாசலில் நின்று, அரை மணி நேரம் மேளம் அடித்து, வெடி போட்டு, பாடை கட்டி ஆடிவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். குடைக்காரர்கள் அதை எத்தனை வாசலில் செய்திருக்கிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் கூடத்து நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருக்கும் பையன்போல நின்றார்.

எனக்கோ ஒரே ஆனந்தம். எங்கள் வாசலில் மேளம்! சன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

தெருமுனையில் சத்தம் எழுந்தது. தப்பட்டை, நாயனம், மில்காரர்களின் விசில். முன்னால் மாமா வந்தார், கழுத்தில் சாமந்தி மாலையோடு. தெருமுனையில் இருந்த குடைக்காரர் வீட்டு வாசலில் நின்று, தரை அதிர அடித்தார்கள். அதன் எதிர் வீட்டில் அடித்தார்கள். சரவெடி கொளுத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் வந்தபோது மாமா கையை உயர்த்தினார்.

மேளம் நின்றது. விசில் நின்றது. யாரோ ஒருவன் பழக்கத்தில் ஓர் அடி அடித்துவிட்டு, மாமா திரும்பிப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டான். அத்தனை பேரும் எங்கள் வாசலை வாய் பேசாமல் கடந்து போனார்கள். செருப்புகள் மண்ணில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாமா வீட்டைப் பார்க்கவில்லை; நேராகப் பார்த்தபடி போனார். மூன்று வீடு தாண்டிய பிறகுதான் மறுபடி மேளம் தொடங்கியது.

அப்பா போய்க் கதவைத் திறந்தார். வாசற்படியில் நின்று, தூரத்தில் போகிற கூட்டத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா அவர் பின்னால் போய் நின்றாள்.

"உங்கண்ணன் எளச்சிட்டாரு," என்றார் அப்பா.

"மில்லு வேல. சோறு தண்ணி வேளைக்கு ஏது?" என்றாள் அம்மா.

"வரச் சொல்லு. வூட்ல சோறு இல்லியா?"

மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் வாசற்படி ஏறியதும் அப்பா, "வாங்க மச்சான்," என்றார். மாமா, "வர்றேன்," என்றார். அத்தனை வருஷத்துச் சண்டைக்கு அவர்கள் செய்துகொண்ட சமாதானம் இவ்வளவுதான். மாமா எனக்குப் பிடித்த காராசேவு வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"பாப்பா ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்குது?"

"எல்லார் வூட்டாண்டயும் மேளம் அடிச்சீங்க. எங்க வூட்டாண்ட மட்டும் அடிக்க வுடல!"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். இருவரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றுபோனது.

"மேளக்காரனுக்குக் கை வலிச்சிதும்மா," என்றார் மாமா கடைசியில்.

"ஆமாம் பாப்பா. பாவம், ரொம்ப தூரம் அடிச்சிக்கினு வந்தான்," என்றார் அப்பா.

இருவரும் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று வீடு தள்ளி அவன் எவ்வளவு பலமாக அடித்தான் என்று நான்தான் கேட்டேனே. பெரியவர்கள் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்ற கோபத்தில், அந்தக் காராசேவை நான் சாயங்காலம் வரை தொடவே இல்லை.